கடலுக்கு அம்மை வார்த்த கதை

ஒரு படத்துக்கு அம்மை வார்க்கும் என்று நான் நம்பினேன். சாமி படம் என்றாலும் ஒரு சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். அது கடற்கரைப் படம். சட்டம் அடித்துச் சுவரில் மாட்டுகிற படத்துக்கு முத்துப் போடும், அதைத் தொட்டவனுக்கும் அது தொற்றும் என்று ஒரு நாள் மாலையில் தொடங்கி மறுநாள் மத்தியானக் கஞ்சி வேளை வரைக்கும் முழுமனதாக நம்பினேன். அப்போது நான் பள்ளிக்கூடத்து வாத்தியார். அதிலும் கணக்கு வாத்தியார். இதை மறைத்தால் யாராவது கடிதம் எழுதிக் கேட்பீர்கள்.

போன வாரம் நான் குதிரை வண்டியிலிருந்து விழுந்ததை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஆத்தூர் வாசகர் ஒருவர், ‘உமது வாழ்க்கையில் ஒரு நாளாவது நிமிர்ந்து நின்றதுண்டா?’ என்று கேட்டிருக்கிறார். உண்டு. ஆனால் இந்த வாரம் படுத்துக் கிடந்த கதை.

இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. உள்வீட்டில் ஒரு பாய். பாயின் மேல் வேப்பிலை. வேப்பிலையின் மேல் நான், இடுப்பு வேட்டியோடு. எனக்குப் பக்கத்தில் இன்னொரு பாய், அதிலும் வேப்பிலை. அதன் மேல் மல்லாக்கக் கிடத்திய கடற்கரை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து என் அக்கா பாவாயி வேப்பங்குழையால் விசிறுகிறாள். எனக்கு இரண்டு விசிறு, கடலுக்கு ஒரு விசிறு.

சுண்ணாம்புக் கோடு

அந்தக் கடலை வரைந்தவர் சவரிமுத்து. நாமக்கல்லில் நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். தரங்கம்பாடிக்குத் தெற்கே ஏதோ ஒரு மீன்பிடிக் குப்பத்துக்காரர். எங்கள் ஊரில் அண்ணாந்து பார்த்தால் பாறை, குனிந்து பார்த்தால் சோளத்தட்டு. மனிதர் தவித்துப்போவார். காவிரி மீனைக் கொண்டுவந்து கொடுத்தால் வாயில் போட்டுவிட்டு, உப்பே இல்லாத ஊரில் வளர்ந்த மீன் என்று வருத்தப்படுவார்.

அவர் மதராசில் படம் படித்தவர். அங்கே ஒரு பிரெஞ்சுப் பத்திரிகையில், கோடே இழுக்காமல் புள்ளி புள்ளியாகவே வைத்து வரைந்த படங்களைப் பார்த்திருக்கிறார். பச்சை வேண்டுமென்றால் மஞ்சளையும் நீலத்தையும் தட்டில் குழைக்கக் கூடாதாம். மஞ்சளில் ஒரு புள்ளி, பக்கத்தில் நீலத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டுமாம். பார்க்கிறவன் கண் குழைத்துக்கொள்ளுமாம். வேலையைப் பாதி பார்ப்பவன் தலையில் கட்டிவிடுகிற அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் டிராயிங் அறையில் உட்கார்ந்து புள்ளி வைப்பார். ஒரு மழைக்காலம் போய் ஒரு கோடையும் போயிற்று. கிட்டே போய் எட்டிப் பார்க்க ஒருவரையும் விட மாட்டார். பலகையிலிருந்து எட்டடி தள்ளித் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டிருந்தார். ஹெட்மாஸ்டராக இருந்தாலும் அந்தக் கோட்டில்தான் நிற்க வேண்டும்.

நானும் நின்றேன். விடியற்கால வெளிச்சம். மணலில் கூடையைக் கவிழ்த்து மூன்று பெண்கள் மீன் பிரிக்கிறார்கள். ஒரு கிழவர் காலை நீட்டி வலையின் கண்ணியைக் கட்டுகிறார். ஒருத்தி தன் மகளை முட்டிக்கு நடுவில் இறுக்கி உட்கார வைத்துத் தலை வாருகிறாள். மகள் முகத்தைச் சுளிக்கிறாள். யாரும் பார்க்காத சமயம் ஓர் ஆடு கூடை விளிம்பைக் கடிக்கிறது. பின்னால் கடல். கடலிலிருந்து செங்காவிப் பாய் விரித்த படகு ஒன்று கரையைப் பார்த்து வந்துகொண்டிருக்கிறது.

நான் அதுவரைக்கும் கடலைப் பார்த்ததில்லை. அந்தக் கோட்டில் நின்றுகொண்டு, கால் நனைந்ததா என்று ஒரு தடவை குனிந்து பார்த்தேன். இதுவும் சத்தியம்.

ஒற்றைச் சட்டை

அந்த வெள்ளிக்கிழமை எனக்கு உப்புச் சர்க்கரை. எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு அதுதான் பெயர். மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டுக்குப் போய் உப்பும் சர்க்கரையும் மாற்றிக்கொண்டால் பேச்சு முடிந்தது. மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் தோட்டம் வைத்திருந்த கருப்பண்ணன் மாமாவின் பெண்.

மாமாவுக்கு என்னிடம் ஒரே மனத்தாங்கல், எனக்கு ஏர் பிடிக்கத் தெரியாது என்பது. பெண்ணின் அத்தை மகன் ஒருவன் இருந்தான். இரண்டு கையாலும் இரண்டு காளையை நிறுத்துவான். உரிமையுள்ள பையன் என்று அந்தப் பக்கம் ஓயாமல் நச்சரித்தார்கள். இரண்டு தடவை நாள் பார்த்து இரண்டு தடவையும் தள்ளிப்போயிற்று. இது ஆனிக் கடைசி. வெள்ளியைத் தவறவிட்டால் ஆடி பிறந்துவிடும். ஆடியில் எதுவும் பேச முடியாது. ஆடி முழுக்க அத்தை வீட்டார் பேசுவார்கள். ஆவணியில் நான் அந்தக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுத வேண்டியதுதான்.

இந்த நிலையில் சவரிமுத்து புதன்கிழமை மத்தியானம் அந்தப் படத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். வெள்ளிக்கிழமை வர முடியாது, புது வீட்டில் மாட்டுங்கள் என்றார். ஒரு வருஷத்து உழைப்பு. வாங்கும்போது எனக்குப் பேச்சு வரவில்லை. அவருக்கு வந்தது, பஸ் ஏறும் வரைக்கும் ஏதேதோ சொல்லிக்கொண்டே வந்தார். பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்ததில் எனக்குக் கேட்டது ஒன்றுதான். வரைந்த பக்கத்தில் தூசி படக் கூடாது.

பஸ் இறங்கி எங்கள் ஊருக்கு இரண்டு மைல் நடக்க வேண்டும். வண்டிப் பாதை. ஆனிக் காற்று மண்ணை வாரி அடிக்கிறது. என்னிடம் பார்க்கும்படியான சட்டை ஒன்றுதான் இருந்தது, அதுவும் வெள்ளிக்கிழமைக்கு வேண்டும். அதைக் கழற்றி மடித்துத் தலையில் வைத்தேன். படத்தைத் தூசியிலிருந்து காப்பாற்ற, வரைந்த பக்கத்தை உள்புறமாகத் திருப்பி, வெற்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டேன். தூங்குகிற குழந்தையைத் தூக்கிப்போகிறவன் மாதிரி இரண்டு மைலும் அசைக்காமல் நடந்தேன். வியர்வை ஊற்றியது. என் பொறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

கிட்டப் போனால்

வீட்டுக்கு வந்து படத்தை உள்வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டுக் கட்டிலில் விழுந்தவன்தான். பொழுது சாய எழுந்து, அக்காவுக்குக் காட்டலாம் என்று படத்தின் முன்னால் குந்தினேன்.

எங்கள் உள்வீடு ஆறடிக்கு ஆறடி. அதில் எட்டடி தள்ளி நிற்க வேண்டுமானால் சுவருக்குள் போய்த்தான் நிற்க வேண்டும். அந்தப் படத்தை அவ்வளவு கிட்டத்தில் நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஜன்னலும் கிடையாது. கூரை ஓட்டின் சந்தில் வந்த வெளிச்சத்தில் பார்த்தேன்.

மீன் பிரித்த பெண்களைக் காணோம். கிழவரைக் காணோம். ஆடும் இல்லை. முகம் இருந்த இடத்தில் புள்ளி. மணல் இருந்த இடத்தில் புள்ளி. சிவப்பு, ரோஜா, மஞ்சள், நடுநடுவே நீலம். கடல் முழுக்கப் பொரிப்பொரியாக எழும்பியிருந்தது. காலையில் பார்க்கும்போது நன்றாக இருந்த படம். வழியில் ஏதோ ஆகிவிட்டது.

புள்ளி வைத்து வரைந்த படம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். இப்போதுதானே அதை உங்களுக்கே விளக்கினேன். ஆனால் பயம் வருகிறபோது நான் படித்ததெல்லாம் எனக்கு முன்னால் ஓடிவிடும். நான் பின்னாலேயே ஓடுவேன்.

அப்போதுதான் குனிந்து என் நெஞ்சைப் பார்த்தேன்.

இடது தோளிலிருந்து தொப்புள் வரைக்கும் முத்து முத்தாகச் சிவப்பு. விலா ஓரத்தில் நீலமும் சேர்ந்து.

அம்மை குத்துகிறவர்

இங்கே ஒரு பழைய குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஊருக்கு அம்மை குத்துகிறவர் வருவார். கறுப்புக் கோட்டு, கையில் ஒரு தகரப் பெட்டி. ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று, குத்திக்கொண்டு, அழுது முடித்து, ஆளுக்கொரு தழும்போடு வளர்ந்தார்கள். நான் அவர் வருகிற திசைக்கு நேர் எதிர்த் திசையில் வளர்ந்தேன். ஒரு தடவை சோளக்காட்டுக்குள் பொழுது சாயும் வரை குத்தவைத்திருந்தேன். கொசு குத்திய இடங்களைக் கணக்குப் பார்த்தால் அவரிடமே குத்திக்கொண்டிருக்கலாம்.

ஆக, என் இரண்டு புஜமும் வழவழவென்று இருந்தன. அன்றைக்கு அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா விளக்கைக் கொண்டுவந்து என் நெஞ்சைப் பார்த்தாள். படத்தைப் பார்த்தாள். மறுபடி என் நெஞ்சைப் பார்த்தாள். பிறகு விளக்கைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அரிக்குதாடா சாமி?”

இல்லை என்றேன்.

“அப்படின்னா இது பெரிய அம்மாதான். அரிக்க மாட்டா. தொடாத. தொட்டா கோவிச்சுக்குவா.”

அதனால் நான் தொடவில்லை. ஒரு விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்திருந்தால் இந்த வாரம் உங்களுக்கு எழுத விஷயம் இருந்திருக்காது. காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்தாள், சுட்டது. ஆனி மாதத்தில் எங்கள் ஊரில் அம்மிக்கல்லும் சுடும். அதை யார் யோசித்தார்கள்?

அக்கா செய்ததை எல்லாம் முறைப்படி செய்தாள். வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து. அடுப்பில் தாளிப்பு நின்றது. ராகிக் கூழைக் கரைத்து ஆற வைத்தாள். மஞ்சள் தண்ணீரை என் தலைமாட்டில் வைத்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, படத்தின் தலைமாட்டிலும் ஒரு சொம்பு வைத்தாள். எந்தப் பக்கம் தலைமாடு என்று என்னைக் கேட்டாள். வானம் இருக்கிற பக்கம் என்றேன்.

கூழோடு அடுப்படி வாசற்படியில் நிற்கும்போதெல்லாம் அவள் படத்தை ஒரு மாதிரி பார்ப்பாள். அங்கிருந்து அவளுக்கு ஆளும் தண்ணீரும் கொஞ்சம் தெரிந்திருக்கிறது. கிட்ட வந்தால் மறைந்திருக்கிறது. எட்ட நின்றால் காட்டுகிறாள், கிட்டப் போனால் மறைத்துக்கொள்கிறாள், எல்லாம் அம்மாவின் விளையாட்டு என்று அதற்கும் காரணம் கண்டுபிடித்துவிட்டாள். அவளுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி.

“ஏண்டா, இத்தனை தண்ணியப் பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு காடுகூட வெள்ளாமை பண்ணாம உக்காந்திருக்கறாங்களே, எந்த ஊரு சனம் இது?”

அது உப்புத் தண்ணீர் அக்கா என்றேன்.

“அப்பறம் எதுக்குப் பாடுபட்டு வரைஞ்சாரு?”

வியாழக்கிழமை விடிந்ததும், ஒரு பையனை ஓடவிட்டு, நாமக்கல் போகிற பஸ்காரனிடம் ஹெட்மாஸ்டருக்கு லீவு கடிதம் கொடுத்தனுப்பினேன். ‘எனக்கும், என் பொறுப்பில் உள்ள கடற்கரைப் படத்துக்கும் அம்மை வார்த்திருப்பதால்’ என்று தொடங்கியது. அந்தக் கடிதத்தை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. இரண்டு தடவை படித்தார்களாம்.

படுத்துக்கொண்டே யோசித்தேன். சாவைப் பற்றி என்று சொல்ல ஆசைதான். நாளைக்கு வெள்ளி. அம்மா இறங்கியிருக்கிற வீட்டிலிருந்து யாரும் நல்ல காரியத்துக்குப் படி தாண்ட முடியாது. அத்தை மகனின் இரண்டு காளைகளும் என் நெஞ்சின் மேல் நின்றன. அந்தப் பெண்ணை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். வாய்க்காலில் குடம் கழுவிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து என்னைப் பார்த்து, சிரிப்பை அடக்க முடியாமல் குடத்துக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள். அந்தச் சிரிப்பு எதற்கு என்று கேட்காமலே போய்விடுவேனோ என்றுதான் கவலை.

கட்டுத்தரையில் மாமா

மத்தியானக் கஞ்சி வேளைக்கு வாசலில் செருமல் கேட்டது. கருப்பண்ணன் மாமா. மோகனூர்ச் சந்தைக்குப் போன யாரோ எங்கள் வீட்டு நிலையில் வேப்பிலையைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் உள்ளே வரவில்லை. முறையும் அதுதான். வாசலுக்கு எதிரே மாடு கட்டுகிற கட்டுத்தரையில், கம்பத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டார். சம்பந்தி ஆகப்போகிறவர் வந்திருக்கும்போது முகம் காட்டாமல் இருக்கலாமா என்று அக்கா என்னைத் தாங்கிப் பிடித்து வாசற்படியில் கொண்டுவந்து நிறுத்தினாள். நல்ல வெயில் என் நெஞ்சில் விழுந்தது. சாகப் போகிறவன் எப்படி நிற்பானோ, அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தளர்ந்து நின்றேன்.

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. கண்ணைச் சுருக்கினார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏனுங்க வாத்தியாரே, உங்க நெஞ்சுல என்னுங்க, ஓடமாட்டம் ஒண்ணு தெரியுது?”

காவிரிக் கரைக்காரர். ஓடம் தெரியாதவர் இல்லை. அக்கா என்னை விட்டுவிட்டு இறங்கிப் போய் அவருக்குக் கொஞ்சம் தள்ளி நின்று திரும்பிப் பார்த்தாள். அவள் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. நானும் குனிந்து பார்த்தேன். எனக்குப் புள்ளிதான் தெரிந்தது. என் நெஞ்சிலிருந்து எட்டடி தள்ளிப் போக எனக்கு வழியில்லை.

அந்த நேரத்துக்குச் சவரிமுத்து வந்து சேர்ந்தார். கடிதம் படிக்கப்பட்ட உடனே அடுத்த பஸ்ஸைப் பிடித்திருக்கிறார். வேர்க்க விறுவிறுக்க வந்தவர் என் கோலத்தைப் பார்த்ததும் நின்றார். இரண்டடி பின்னால் போனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டார்.

“சார், கொஞ்சம் இடது பக்கமாத் திரும்புங்க.”

திரும்பினேன்.

“என் படகுப் பாய் சார் அது. செவ்வாய்க்கிழமைதான் முடிச்சேன், ஈரம் காயலை, எதுலயும் சாய்க்காதீங்கன்னு பஸ் ஏறுற வரைக்கும் சொன்னேனே.”

அவரே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருத்தமாகச் சொன்னார்.

“திசை மாறிப்போச்சு. கரைக்கு வந்துக்கிட்டிருந்த படகு. உங்ககிட்ட வந்து திரும்பிப் போகுது.”

முதலில் சிரித்தது என் அக்கா. ஒரு நாள் முழுக்கக் கன்னத்தில் போட்டுக்கொண்டவள், தலைமாட்டில் சொம்பு வைத்தவள், தான் ஏமாந்த கணக்கை ஒரே நொடியில் என் பெயருக்கு மாற்றிவிட்டுச் சிரித்தாள். மாமா கம்பத்தைப் பிடித்தபடியே கீழே உட்கார்ந்துவிட்டார். அவருடைய சிரிப்பு சத்தமே இல்லாதது. தோள் மட்டும் குலுங்கும். நிற்கும், என்னைப் பார்ப்பார், மறுபடி குலுங்கும். கட்டுத்தரையில் இருந்த எருமை எழுந்து நின்றுகொண்டது.

மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மாமாதான் என்னைத் துடைத்தார். இப்போது அவர் கிட்டே வரலாமே. மாட்டுக் கொம்புக்கு வர்ணம் அடித்துப் பழகிய கை. என் தோலையும் அதே கணக்கில் தேய்த்தது. படகு போயிற்று, நெஞ்சு தக்காளியாகச் சிவந்தது. இப்போது நிஜமாகவே அரித்தது. சொல்ல வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை.

சவரிமுத்து படத்தை வாங்கி வெயிலில் பார்த்தார். படகு இருந்தது, பாய் பாதி இல்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அக்கா வைத்த மஞ்சள் தண்ணீர் மணலில் சிந்தியிருந்த இடத்தை விரலால் காட்டி, இந்த மஞ்சள் நன்றாக இருக்கிறது, இதை இப்படியே விட்டுவிடுகிறேன் என்றார்.

மாமா ஒரு சொம்பு மோர் வாங்கிக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

“நாளைக்கு நேரமே வந்துருங்க,” என்று அக்காவிடம் சொன்னார். படி இறங்கும்போது தோள் இன்னும் ஒரு தடவை குலுங்கியது.

அவர் எதற்கு வந்தார்

என் உடம்பை விசாரிக்கத்தான் மாமா அன்றைக்கு ஓடிவந்தார் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். என் மனைவி அதைப் பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். மூன்றாவது பிள்ளைக்குக் காது குத்தின அன்று, முறுக்குப் பிழிந்துகொண்டே, ஒரு நாளைக்கு உங்களிடம் சொல்ல வேண்டும் என்றிருந்தேன் என்று ஆரம்பித்தாள்.

மாமா வந்தது முறித்துக்கொள்ள. அத்தை வீட்டுக்கு முதல் நாளே பாதி வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வீட்டில் அம்மை என்று கேட்டதும் நல்ல சாக்குக் கிடைத்தது என்று புறப்பட்டிருக்கிறார். கட்டுத்தரையில் நின்று வாயெடுத்தது அதைச் சொல்லத்தான்.

திரும்பிப்போய் மாமியாரிடம் சொன்னாராம். என் மனைவி அடுப்படியிலிருந்து கேட்டிருக்கிறாள்.

“அந்தக் காளை புடிக்கற பையன் கை நீட்டறவனாக்கும். இவரு பெயிண்டுக்கே இத்தனை பயப்படறாரு. என்ற புள்ளைய ஒரு சொல்லு சொல்ல மாட்டாரு.”

என் படிப்பையோ உத்தியோகத்தையோ பார்த்து அவர் பெண் கொடுக்கவில்லை. படத்துக்கு அம்மை வார்க்கவில்லை, எனக்கும் வார்க்கவில்லை. படகுப் பாயில் எண்ணெய் வர்ணம் காயவில்லை. அதை நான் நெஞ்சோடு கட்டிக்கொண்டு இரண்டு மைல் நடந்தேன், ஒட்டிக்கொண்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, பத்து நாழிகைக்குள், உப்புச் சர்க்கரை மாற்றினார்கள்.